பெட்டிச் செய்தியிலிருந்து பாடத்துக்குள்: உலக வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உலக வரலாற்றுப் பாடநூல்களை எழுதும், தொகுக்கும், ஒப்புதல் வழங்கும் அறிஞர் பெருமக்களுக்கு வணக்கம்.

உங்கள் நூல்களை வகுப்பறையில் நாள்தோறும் கையாளும் ஆசிரியர்களுள் ஒருவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பெண்களின் நிலையும் பங்கும் காலந்தோறும் எவ்வாறு மாறின என்பதை இந்நூல்கள் சொல்லும் முறையைப் பற்றியது இது. எந்த நாட்டு நூலாக இருந்தாலும், எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எகிப்துப் பாடத்தின் ஓரத்தில் கிளியோபாத்ராவைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வரும். நூறாண்டுப் போருக்கு ஜோன் ஆஃப் ஆர்க், அறிவியலுக்கு மேரி கியூரி. இறுதி அத்தியாயத்தில் 'பெண் முன்னேற்றம்' என்ற தலைப்பின்கீழ் வாக்குரிமை கிடைத்த ஆண்டுகளின் பட்டியல் ஒன்று இடம்பெறும். இவற்றுக்கு இடைப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்களில் உழவும் வணிகமும் சட்டமும் தொழிற்சாலையும் பெண்களே இல்லாத உலகத்தில் நடந்தவைபோல நடந்து முடிந்துவிடுகின்றன.

இதைப் படிக்கும் மாணவர் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை சில அரசிகளைத் தவிர மற்றப் பெண்கள் குறிப்பிடத்தக்க எதையும் செய்யவில்லை என்பது ஒன்று. அதற்குப் பிறகு அவர்களுடைய நிலை படிக்கட்டில் ஏறுவதுபோல ஒரே திசையில் உயர்ந்துகொண்டே வந்தது என்பது மற்றொன்று. முதல் முடிவைத் தொல்லியலும் களிமண் பலகைகளும் மறுக்கின்றன; இரண்டாவதைச் சட்ட வரலாறே மறுக்கிறது. பெண்களின் உழைப்பு எல்லாக் காலத்திலும் இருந்தது. அந்த உழைப்பின் பயன் யாருக்குச் சொந்தமாயிற்று, அது யார் பெயரில் பதிவாயிற்று, அதைச் செய்ய யாருக்கு அனுமதி இருந்தது என்பவையே மாறிமாறி வந்தன. அந்த மாற்றம் எப்போதும் மேல்நோக்கியதாக இல்லை. இதை மையமாகக் கொண்டு அடுத்த பதிப்புகளைத் திருத்தி எழுதுமாறு உங்களை வேண்டுகிறேன்.

முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பிழையும் அங்கேயே தொடங்குகிறது. 'ஆண்கள் வேட்டையாடினர், பெண்கள் கிழங்கும் கனியும் சேகரித்தனர்' என்ற வரி இல்லாத நூலை நான் இதுவரை பார்த்ததில்லை. பெரு நாட்டின் உயர்மலைப் பகுதியிலுள்ள விலாமாயா பட்ஹ்சாவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில், எறிமுனைகளும் விலங்கை அறுத்துத் தோலைப் பதப்படுத்தும் கல் கருவிகளும் சேர்ந்த முழு வேட்டைத் தொகுதியுடன் அடக்கம் செய்யப்பட்டிருந்தவர், பதின்ம வயதின் இறுதியில் இருந்த ஓர் இளம்பெண் என்பதைப் பல்லில் எஞ்சியிருந்த புரதம் காட்டியது. அந்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. சுவீடனின் பிர்காவில் 1878இல் தோண்டப்பட்ட வைக்கிங் காலக் கல்லறை ஒன்றில் வாளும் அம்புகளும் இரண்டு குதிரைகளும் இருந்ததால், அதில் இருந்தவர் ஆண் என்றே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டது. 2017இல் மரபணுச் சோதனை அவர் பெண் என்று உறுதிசெய்தது. இவற்றை வைத்துப் பண்டைக்காலப் பெண்கள் அனைவரும் வேட்டைக்காரர்கள், போர்வீரர்கள் என்று எழுத வேண்டும் என நான் சொல்லவில்லை. கருவியைப் பார்த்தே உடலின் பாலை முடிவுசெய்த பழக்கத்தை மாணவருக்குச் சொல்லுங்கள் என்கிறேன். அதே 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, மத்திய ஐரோப்பாவின் தொடக்கக்கால உழவுச் சமூகப் பெண்களின் மேல்கை எலும்புகள் இன்றைய தேர்ந்த படகோட்ட வீராங்கனைகளின் எலும்புகளைவிட வலிமையாக இருந்தன என்று காட்டியது. உழவு அத்தியாயத்தின் படங்களில் ஏர் பிடித்த ஆணும் குழந்தையை இடுப்பில் ஏந்திய பெண்ணுமே தொடர்ந்து வருகிறார்கள். தானியம் அரைத்தும் மண்ணைக் கிளறியும் உரமேறிய அந்தக் கைகளுக்குப் படத்தில் இடமில்லை.

வணிக அத்தியாயத்துக்கு வருகிறேன். என் பார்வையில் உங்கள் நூல்கள் இழந்திருக்கும் மிக வளமான செய்தி இங்கேதான் இருக்கிறது. இன்றைய துருக்கியிலுள்ள கானேஷ் என்னும் ஊரின் இடிபாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. அவை பெரும்பாலும் கி.மு. 1900 தொடங்கி அடுத்த சில தலைமுறைகளில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இன்றைய ஈராக்கில் இருந்த அசூர் நகரத்து வணிகக் குடும்பங்கள் எழுதிக்கொண்ட கடிதங்களும் கணக்குகளும் ஒப்பந்தங்களும் ஆகும். ஆண்கள் கழுதைக் கூட்டங்களில் தகரமும் துணியும் ஏற்றிச் சென்று கானேஷில் தங்கி விற்றார்கள். அந்தத் துணியில் ஒரு பகுதியை அசூரில் இருந்த அவர்களுடைய மனைவியரும் சகோதரிகளும் மகள்களும் நெய்து, ஆளமர்த்தி நெய்வித்து, மூட்டை கட்டி அனுப்பி, விற்ற விலைக்கு வெள்ளி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். லமாசி என்ற பெண் தன் கணவர் புசு-கேனுக்கு எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அனுப்பிய துணிக்கு உரிய பணம் வந்து சேரவில்லை என்று அவர் முறையிடுகிறார். இன்னொருவர் இரண்டு முறை வீடு கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டப்போகிறோம் என்றும் கேட்கிறார். நாலாயிரம் ஆண்டு இடைவெளியை ஒரே வரியில் கடந்துவிடும் கடிதம் இது. எந்தப் பாடநூலிலும் இது இல்லாதது எனக்கு விளங்கவே இல்லை. வேறு ஒரு வணிகர் துணியின் நீளம், அகலம், நெசவின் நெருக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்தச் சந்தையில் எது விலைபோகும் என்று நெய்யும் பெண்ணுக்கு எழுதுகிறார். உற்பத்தியாளரும் விற்பனையாளரும் சந்தை நிலவரத்தைப் பகிர்ந்துகொள்ளும் கடிதப் போக்குவரத்து இது. நீங்களோ 'அசூர் வணிகர்கள் துணி விற்றனர்' என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள்.

அதற்குச் சற்று முந்தைய காலத்தில், கி.மு. 21ஆம் நூற்றாண்டில், மெசபடோமியாவில் 'ஊர்' என்ற பெயருடைய நகரத்து மன்னர்களின் நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு வாற்கோதுமையாகக் கூலி அளக்கப்பட்ட கணக்குகளும் உள்ளன. ஆணுக்கு மாதம் 60 சிலா (ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர்) என்பது வழக்கமான அளவு. பெண்ணுக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 சிலா வரை. கூலி வேறுபாட்டைப் பற்றிய பேச்சு தொழிற்புரட்சி அத்தியாயத்தில்தான் தொடங்க வேண்டும் என்று யார் விதித்தார்கள்?

ஒரே காலத்தில் அருகருகே இருந்த சமூகங்களில் பெண்ணின் சட்டநிலை எவ்வளவு வேறுபட்டிருந்தது என்பதையும் மாணவர் அறிய வேண்டும். எகிப்தியப் பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் ஒப்பந்தம் செய்யவும் வழக்குத் தொடரவும் முடிந்தது. அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் குடியிருப்பில் கி.மு. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நௌனக்தே என்ற பெண், முதுமையில் தன்னைக் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன் சொத்தில் பங்கில்லை என்று ஊர் மன்றத்தின் முன் உயில் எழுதிவைத்தார். அரசியின் தங்கப் புதையலைவிட இந்த உயில் எகிப்தியச் சமூகத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. செவ்வியல் ஏதென்ஸிலோ குடிமகனின் மனைவி ஓர் ஆண் காப்பாளரின் கீழேயே வாழ்ந்தார். ஒரு மெதிம்னோஸ் (கிரேக்கத் தானிய அளவு) வாற்கோதுமையின் மதிப்பைத் தாண்டிய பேரத்தை அவர் தாமாகச் செய்யச் சட்டம் இடமளிக்கவில்லை. அதே கிரேக்க உலகில், ஸ்பார்ட்டாவின் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்களிடம் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் குறைபட்டுக்கொள்கிறார். மக்களாட்சியின் பிறப்பிடம் என்று நீங்கள் கொண்டாடும் நகரத்தில் பெண்ணுக்கு இருந்த உரிமை, படைமுகாம் என்று நீங்கள் ஒதுக்கும் நகரத்தில் இருந்ததைவிடக் குறைவு. இந்த முரண்பாட்டை மாணவர் முன் வைத்தால் அவர் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்குவார்.

பெண்களிடம் இருந்த தொழில்கள் அவர்களிடமிருந்து நழுவிய கதையை உங்கள் நூல்கள் அடியோடு விட்டுவிடுவதே என் முதன்மையான குறை. இங்கிலாந்தின் ஏல் மதுத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1348இல் வந்த கொள்ளைநோய்க்கு முன் அதை வடித்து விற்றவர்களில் மிகப் பலர் பெண்கள். சில நாட்களிலேயே புளித்துவிடும் பொருள் என்பதால் வீட்டுத் தேவைக்கு வடித்ததில் எஞ்சியதை அண்டை அயலாருக்கு விற்பதே தொழிலாக இருந்தது. பெரிய முதலீடு வேண்டியிருக்கவில்லை. பிறகு தாழ்நாடுகளிலிருந்து (இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதி) ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ சேர்த்த பீர் வந்தது. அது நாள்பட இருக்கும். ஆகவே பெருமளவில் வடித்துத் தொலைவுக்கு அனுப்பலாம். பெரிய கொப்பரைகளும் கடனும் ஒப்பந்தமும் உரிமமும் தொழிற்குழுவில் பதவியும் தேவைப்பட்டன. திருமணமான பெண் தன் பெயரில் கடன் வாங்கவோ ஒப்பந்தம் எழுதவோ சட்டம் இடமளிக்காத நாட்டில், இவை அனைத்தும் ஆண்களுக்கே எட்டும் தொலைவில் இருந்தன. 1600ஆம் ஆண்டளவில் அது ஆண்களின் தொழிலாகிவிட்டது. நாடு முழுவதற்குமாக யாரும் பெண்களைத் தடைசெய்து ஆணை பிறப்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழில் இலாபகரமானதாக மாறியபோது அதன் நுழைவாயில் அவர்கள் நுழைய முடியாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

மருத்துவத்தில் நடந்தது இதனினும் வெளிப்படையானது. பாரிஸில் 1260களில் தொகுக்கப்பட்ட தொழில் விதிகளின் நூலில் பட்டு நூற்போர் முதலான பெண்களுக்கே உரிய தொழிற்குழுக்கள் பதிவாகியுள்ளன. அதே நகரத்தில் 1322இல் ஜாகோபா பெலிசி என்ற பெண் உரிமமின்றி மருத்துவம் பார்த்ததற்காகப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவால் வழக்குக்கு இழுக்கப்பட்டார். கற்ற மருத்துவர்கள் கைவிட்ட எங்களை இவர் குணப்படுத்தினார் என்று நோயாளிகள் வந்து சாட்சி சொன்னார்கள். அவர் நாடி பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார், அதாவது பட்டம் பெற்றவர்கள் செய்ததையே செய்தார். பெண்கள் தங்கள் நோயை ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசுவார்கள் என்ற வாதமும் அவர் தரப்பில் வைக்கப்பட்டது. வழக்கில் அவர் தோற்றார். உரிமம் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. 'பல்கலைக்கழகங்களின் எழுச்சி' என்ற உங்கள் பெருமைக்குரிய பாடத்தில் இந்த வழக்குக்கு ஒரு பத்தி கொடுத்தால், ஒரே நிறுவனம் ஒரு சாராருக்குக் கதவைத் திறந்து மற்றொரு சாராருக்கு அடைத்ததை மாணவர் புரிந்துகொள்வார்.

இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. 1185 முதல் 1333 வரையிலான காமகுரா கால ஜப்பானில் வீரக் குடும்பப் பெண்கள் நிலத்தை மரபுரிமையாகப் பெற்றார்கள். நிலப் பொறுப்பாளர் பதவியையும் வகித்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்களுடைய பங்கு வாழ்நாள் வரை மட்டும் அனுபவிக்கும் உரிமையாகச் சுருக்கப்பட்டது. பின்னர் அதுவும் போயிற்று. நவீனமயமாக்கலின் முன்மாதிரியாக நீங்கள் புகழும் மெய்ஜி அரசோ 1890இல் பெண்கள் அரசியல் கூட்டங்களில் கலந்துகொள்வதையே தடைசெய்தது.

புரட்சிகளின் காலம் பற்றிய பாடத்தில் 'அனைவருக்கும் சமத்துவம்' என்ற முழக்கத்தை அப்படியே எடுத்து எழுதுகிறீர்கள். 1776இல் எழுதப்பட்ட நியூ ஜெர்சி அரசமைப்பு, 50 பவுண்டு மதிப்புள்ள சொத்துடைய குடியிருப்போர் அனைவரும் வாக்களிக்கலாம் என்றது. அதன்படி மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் உண்மையிலேயே வாக்களித்தார்கள். மனைவியருக்குத் தனிச்சொத்து இல்லாததால் அவர்களுக்கு மட்டும் வாய்ப்பில்லை. 1807இல் ஒரு சட்டம் அந்த உரிமையைப் பறித்து வெள்ளை ஆண்களுக்கு மட்டும் ஆக்கியது. பறிபோனது மீண்டும் வர 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சில் 1789 அக்டோபரில் மன்னரின் அரண்மனை இருந்த வெர்சாய் வரை நடந்து சென்று மன்னரைப் பாரிஸுக்குத் திரும்ப வைத்தவர்கள் பெண்கள். 1793 அக்டோபரில் புரட்சி அரசே பெண்களின் அரசியல் சங்கங்களைத் தடைசெய்தது. பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் த கூஜ் அதற்கடுத்த மாதம் கொல்லப்பட்டார். 1804இல் நெப்போலியனின் சட்டத்தொகுப்பு மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்று எழுதிவைத்தது. கணவனின் ஒப்புதலின்றித் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கும் உரிமை பிரெஞ்சு மனைவிக்கு 1965இல்தான் வந்தது. மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரியது என்ற கொள்கை இஸ்லாமியச் சட்டத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிலைபெற்றிருக்க, இங்கிலாந்து அதை முழுமையாக ஏற்றது 1882இல். மேற்கு வழிகாட்டியது, கிழக்கு பின்தொடர்ந்தது என்ற உங்கள் வரைபடத்துக்குள் இந்த ஆண்டுகளைப் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது.

குடியேற்ற ஆட்சி பெண்களை விடுவித்தது என்ற குறிப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். சில கொடிய வழக்கங்களுக்கு எதிரான சட்டங்கள் அக்காலத்தில் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போ பெண்களுக்குத் தமக்கெனக் கூட்டங்களும், தவறு செய்த ஆணைக் கூட்டாகச் சென்று முற்றுகையிட்டுப் பணியவைக்கும் மரபும் இருந்தன. பிரிட்டிஷ் நிர்வாகம் ஆண்களை மட்டும் தலைவர்களாக நியமித்து, அந்த அமைப்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டது. பெண்கள் மீதும் வரி வரப்போகிறது என்ற அச்சம் பரவிய 1929இன் இறுதியில் பல்லாயிரம் பெண்கள் திரண்டு, நியமனத் தலைவர்களின் நீதிமன்றங்களைத் தாக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தனர். ஆட்சியாளர் இதைக் கலவரம் என்று பதிவுசெய்தார்கள். அப்பெண்களின் நினைவில் அது பெண்கள் போர்.

தொழிற்புரட்சிக்குப் பிந்தைய பாடம் வாக்குரிமையிலேயே தங்கிவிடுகிறது. அதன் பொருளாதாரப் பக்கத்தைச் சொல்ல இன்று நல்ல ஆய்வுகள் உள்ளன. 2023இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு ஆண்டுத் தரவுகளிலிருந்து, கூலிக்கோ குடும்பத் தொழிலிலோ உழைத்த மணமான பெண்களின் விழுக்காடு தொழில்மயமாக்கலின்போது குறைந்து, சேவைத்துறை வளர்ந்தபோதே மீண்டும் ஏறியது என்று காட்டினார். பண்ணையும் வீடும் ஒன்றாக இருந்தவரை மனைவி அதில் உழைப்பாளி. வேலை ஆலைக்குப் போனபோது வீடு வேலையிடமாக எண்ணப்படாமல் போயிற்று. கணக்கெடுப்பும் அதற்கு ஒத்துழைத்தது. பிரிட்டனின் 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீட்டைக் கவனிக்கும் மனைவியர் தொழிலற்றோர் பிரிவுக்கு மாற்றப்பட்டனர். 1934இல் அமெரிக்காவின் தேசிய வருமானத்தை முதன்முறையாக விரிவாகக் கணக்கிட்ட சைமன் குஸ்நெட்ஸ், இல்லத்தரசியரின் உழைப்பை மதிப்பிட அடிப்படை இல்லை என்று சொல்லி அதை வெளியே வைத்தார்; அதைத் தாம் விட்டுவிடுவதை அவர் வெளிப்படையாகச் சொன்னார் என்பது அவருக்குப் பெருமை. பின்வந்தவர்கள் அந்த எச்சரிக்கையை மறந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இரு உலகப் போர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதும் பாதியில் நின்றுவிடுகிறது. வெடிமருந்து ஆலைப் பெண்களின் படம் இருக்கிறது. அவர்கள் வேலையை இழந்த கதை இல்லை. பிரிட்டனில் போருக்கு முந்தைய தொழில் நடைமுறைகளை மீட்டெடுக்கும் சட்டம் 1919இல் வந்தது. ஆலைப் பெண்கள் தொடங்கிய கால்பந்து அணிகளின் கதையை என் மாணவர்கள் மிக விரும்பிக் கேட்பார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்களின் ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடினர். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறித் தன் உறுப்பு மன்றங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. ஐம்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது. ஆடத் தெரியாமல் அவர்கள் வெளியேறவில்லை.

மிக அண்மைய எடுத்துக்காட்டு கணினி. 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். வன்பொருளைக் கட்டுவதே பெரிய வேலை, நிரல் எழுதுவது எழுத்தர் வேலையைப் போன்றது என்று கருதப்பட்டதால் அது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பணமும் புகழும் நிரலாக்கத்துக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றோரில் பெண்களின் பங்கு 1984இல் 37 விழுக்காட்டைத் தொட்டு, அடுத்த கால் நூற்றாண்டில் ஏறத்தாழ அதில் பாதியாகச் சரிந்தது. ஏல் மதுவின் கதைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை மாணவரே கண்டுபிடிக்கட்டும்.

எதிர்த்திசையில் ஒரு பிழை நேர்ந்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்டைக்காலத்தில் எங்கும் பெண்ணாட்சி நிலவியது என்ற கூற்றுக்குச் சான்றில்லை. அதை எழுத வேண்டாம். வூ சேத்தியென் 690இல் சீனப் பேரரசராக அரியணை ஏறியதால் சீன உழவர் பெண்ணின் நிலை உயர்ந்துவிடவில்லை. 'பெண்கள்' என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாரையும் அளப்பதும் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வீடே பெண்ணின் உலகம் என்று நூல்கள் உபதேசித்த அதே நேரத்தில், அடிமைப்படுத்தப்பட்ட பெண்கள் பருத்தி வயல்களில் ஆண்களுக்கு இணையாக உழைத்தார்கள். ஆஸ்திரேலியா 1902இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது என்று எழுதும்போது, பழங்குடிப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

பக்கங்கள் போதாது என்று நீங்கள் சொல்லலாம். நான் புதிய அத்தியாயம் எதையும் கேட்கவில்லை. பெட்டிச் செய்திகளை நீக்கினாலே இடம் கிடைக்கும். கானேஷின் கடிதங்கள் வணிகப் பாடத்திலும், ஊர் நகரத்துக் கூலிக் கணக்கு மெசபடோமியப் பாடத்திலும், பாரிஸ் வழக்கு பல்கலைக்கழகப் பாடத்திலும், 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தொழிற்புரட்சிப் பாடத்திலும் அவற்றுக்குரிய இடங்களில் அமரட்டும். நூலின் இறுதியிலுள்ள கால அட்டவணையில் 1893 நியூசிலாந்து, 1906 ஃபின்லாந்து, 1971 சுவிட்சர்லாந்து என்று உரிமை கிடைத்த ஆண்டுகளோடு, 1793, 1807, 1890, 1921 என்று அது பறிக்கப்பட்ட ஆண்டுகளையும் சேர்த்து அச்சிடுங்கள். பயிற்சி வினாக்களில் 'பெண் ஆட்சியாளர் ஐவரின் பெயரை எழுதுக' என்பதற்குப் பதிலாக, ஒரு தொழில் ஏன் ஒரு காலத்தில் பெண்களுடையதாகவும் வேறொரு காலத்தில் ஆண்களுடையதாகவும் இருந்தது என்று கேளுங்கள். திருத்திய வரைவை அச்சுக்கு அனுப்புமுன் வகுப்பறை ஆசிரியர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பீர்களானால், அதை வரிவரியாகப் படித்துக் குறிப்பெழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உலக வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர்